ஜட்காவுக்கு எழுதிய சட்டம்

வாடகைக்கு ஓடும் குதிரை வண்டியில் மூன்று பேருடைய நலன் அடங்கியிருக்கிறது: ஏறி உட்காருகிறவர், ஓட்டுகிறவர், இழுக்கிற குதிரை. முதலாமவருக்கு நேரத்தில் போய்ச் சேரவேண்டும், வண்டிச் சத்தமும் நியாயமாக இருக்கவேண்டும். இரண்டாமவருக்கு அன்றைய கொள்ளுக்கும் அரிசிக்கும் காசு தேறவேண்டும். மூன்றாவது வாயில்லா ஜீவன். இந்தியாவில் இந்த வண்டிகளுக்காக எழுதப்பட்ட சட்டங்களைக் கால வரிசையில் படித்துப் பார்த்தால், அவை சவாரிக்காரரின் மடியை முதலில் காத்தது தெரியும். வண்டிக்காரரின் நடத்தையை அடுத்துக் கட்டுப்படுத்தின. குதிரையின் முதுகைக் கடைசியில்தான் கவனித்தன. வண்டிக்காரரின் பிழைப்பைக் காக்கும் விதி மட்டும் தேடித் தேடித்தான் கிடைக்கிறது.

இந்த வரலாற்றில் மேட்டுப்பாளையத்துக்குத் தனி இடம் உண்டு. போத்தனூரிலிருந்து வந்த ரயில் பாதை 1873-ல் இங்கே முடிந்தது. எதிரே நீலகிரி. குன்னூர் வரை மலை ரயில் ஓடத் தொடங்கியது 1899-ல். ஊட்டியை அது எட்டியது 1908-ல். 1873-க்கும் 1899-க்கும் இடைப்பட்ட 26 ஆண்டுகள் ரயிலை விட்டு இறங்கியவர்கள் கல்லாறு தாண்டி மலைச் சாலையில்தான் ஏறவேண்டியிருந்தது. சாமான்கள் மாட்டு வண்டியில் மெல்லப் போயின. வசதியுள்ளவர்களும் அவசரக்காரர்களும் டாங்காவில் போனார்கள். டாங்கா தாழ்வான இரட்டைச் சக்கர வண்டி. இரண்டு மட்டக்குதிரைகள் இழுக்கும்; முன்னிருக்கையும் பின்னிருக்கையும் முதுகோடு முதுகு ஒட்டியிருக்கும். ஏற்றத்தில் ஒரே ஜோடி குதிரை முழுத் தூரமும் தாங்காது என்பதால் வழியில் நிறுத்தி நிறுத்திக் குதிரை மாற்றுவார்கள்.

மலை ரயில் வந்ததும் டாங்காவின் நெடுவழி வேலை முடிந்தது. ஊருக்குள் ஓடும் ஜட்கா அப்படி மறையவில்லை. தமிழ்நாட்டின் ரயிலடி ஊர்கள் பலவற்றிலும் நிலையத்து வாசலில் வரிசைகட்டி நின்றது அதுதான். வளைந்த கூண்டு, உள்ளே வைக்கோல் பரப்பி மேலே விரித்த ஜமுக்காளம், ஏறுவதற்குப் பின்புறம் ஒரு படி, பக்கத்தில் ஒரு லாந்தர். மோட்டார் பஸ்ஸும் பிறகு ஆட்டோவும் வந்து அந்த வரிசையைக் கலைக்கும்வரை சட்டத்தின் கண் இந்த இரண்டு வண்டிகள் மேலும் இருந்தது. ஊர் விட்டு ஊர் போகும் வண்டிக்கு ஒரு சட்டம், ஊருக்குள் சுற்றும் வண்டிக்கு வேறு சட்டம்.

நெடுவழி வண்டிகளுக்கானது 1861-ஆம் ஆண்டின் 16-ஆவது சட்டம். வண்டியின் வடிவம் எதுவானாலும், குதிரை இழுத்து வாடகைக்குப் பயணிகளை ஏற்றிச் சென்றால் அது இந்தச் சட்டத்துக்குள் வந்தது. மாஜிஸ்திரேட்டிடம் உரிமம் வாங்கவேண்டும். கட்டணம் 5 ரூபாய். உரிமம் ஓராண்டு செல்லும். உரிமத்தில் இருக்கவேண்டிய விவரங்களைப் பார்த்தாலே எழுதியவர்கள் எதற்குப் பயந்தார்கள் என்பது விளங்கும். உரிமையாளர் பெயர், ஊர், அதிகபட்சம் ஏற்றக்கூடிய ஆட்கள், சாமானின் எடை, எத்தனை குதிரை பூட்டவேண்டும் என்பது எல்லாம் அதில் உண்டு. ஆள் கணக்கும் எடைக் கணக்கும் உள்ளூர் மொழியிலும் வண்டியின் மேல் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதியிருக்கவேண்டும். படிக்கத் தெரிந்த ஒரு பயணி, ஏறுமுன்பே இந்த வண்டிக்கு இன்னும் ஆள் பிடிக்குமா என்று சொல்லிவிடலாம்.

ஊருக்குள் ஓடும் வண்டிகளின் சட்டத்துக்கு வேர் லண்டனில் இருக்கிறது. தெருவில் நின்று வாடகைக்கு ஆள் ஏற்றும் குதிரை வண்டிகள் அங்கே 17-ஆம் நூற்றாண்டிலேயே பெருகிவிட்டன. 1654-ல் அவற்றின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டி ஓர் ஆணை வந்தது. உரிமம், வில்லை, கட்டணப் பட்டியல், நிறுத்துமிடம் என்ற ஏற்பாடு அங்கே படிப்படியாக உருவாகி, 19-ஆம் நூற்றாண்டில் இந்திய நகரங்களுக்கு வந்தது. பம்பாய்க்கு 1863-லும், வட இந்திய மாகாணங்களின் நகராட்சிகளுக்கு 1879-லும், சென்னை மாகாணத்துக்கு 1911-லும், கல்கத்தாவுக்கு 1919-லும் சட்டங்கள் பிறந்தன. சென்னையில் இதை நடத்தும் பொறுப்பு மாநகரக் காவல் ஆணையரிடம் இருந்தது. மேட்டுப்பாளையம் போன்ற வெளியூர்களில் வண்டியும் குதிரையும் ஊராட்சி நிர்வாகத்தின் கணக்குக்குள் வந்தன. நகராட்சிகளுக்கான 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம் வண்டிக்கும் விலங்குக்கும் வரி போடவும், வண்டிப்பேட்டை அமைத்துக் கட்டணம் வசூலிக்கவும், தெருவோரத்தை வண்டிப்பேட்டை ஆக்குவதைத் தடுக்கவும் அதிகாரம் கொடுத்தது.

இந்தச் சட்டங்கள் ஊருக்கு ஊர் வேறுபட்டாலும் அவற்றின் உள்ளடக்கம் பெரும்பாலும் ஒன்றுதான். முதலில் வண்டி. ஆண்டுக்கு ஒருமுறை அதிகாரி முன் கொண்டுபோய் நிறுத்தவேண்டும். சக்கரத்தின் இரும்புப் பட்டா தளர்ந்திருக்கிறதா, அச்சு தேய்ந்திருக்கிறதா, ஏர்க்கால் விரிந்திருக்கிறதா, சேணத்து வார்கள் அறும் நிலையில் இருக்கின்றனவா என்று பார்த்தபிறகே எண் பலகை கிடைக்கும். குதிரையையும் பார்ப்பார்கள். நொண்டியோ புண்ணோ இருந்தால் உரிமம் இல்லை. அடுத்து ஓட்டுகிறவர். வண்டி வேறொருவருடையதாக இருந்தாலும் ஓட்டுகிறவருக்குத் தனி உரிமம் வேண்டும். பித்தளை வில்லையை வெளியில் தெரியும்படி அணியவேண்டும். அதை இன்னொருவருக்கு இரவல் கொடுப்பது குற்றம். குடித்துவிட்டு ஓட்டுவது, சவாரிக்காரரிடம் மரியாதைக் குறைவாகப் பேசுவது, காரணமின்றிச் சவாரி மறுப்பது, நிறுத்துமிடத்துக்கு வெளியே ஆள் பிடிப்பது எல்லாம் அபராதத்துக்கு உரியவை. வண்டியில் யாராவது விட்டுச்சென்ற பொருளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கவேண்டும். கட்டணத்தைத் தூரத்துக்கு இவ்வளவு, நேரத்துக்கு இவ்வளவு என்று அரசோ நகராட்சியோ நிர்ணயிக்கும். அந்தப் பட்டியல் வண்டியில் இருக்கவேண்டும்.

வண்டிக்காரருக்குச் சாதகமாக இருந்தவற்றில் முக்கியமானது சச்சரவைத் தீர்க்கும் விதி. 1879-ஆம் ஆண்டு வட இந்தியச் சட்டப்படி கட்டணத் தகராறு வந்தால் இரு தரப்பில் யாரும் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். அவர் தீர்ப்புச் சொல்வதோடு, வீணான நேரத்துக்கு ஈடு கொடுக்கவும் உத்தரவிடலாம். ஒரு நாள் சவாரி தவறினால் அன்றைக்கு அடுப்பு எரியாது என்ற நிலையில் இருந்தவருக்கு, நேரத்துக்கும் விலை உண்டு என்று ஒரு சட்டம் ஒப்புக்கொண்டது சிறிய விஷயமல்ல.

இந்த விதிகளில் வெளியாட்களுக்கு மிகச் சாதாரணமாகத் தோன்றுவது ஆள் எண்ணிக்கை. ஜட்காவைப் பொறுத்தவரை அதுதான் உயிர்நாடி. இரண்டே சக்கரம் கொண்ட வண்டி தராசு மாதிரி. அச்சுக்கு முன்னால் கனம் கூடினால் ஏர்க்கால் அழுந்தி, சேணம் வழியாக மொத்தப் பாரமும் குதிரையின் முதுகில் இறங்கும். பின்னால் கனம் கூடினால் ஏர்க்கால் மேலே தூக்கிக்கொள்ளும். வயிற்றைச் சுற்றிய வார் குதிரையை மேல்நோக்கி இழுக்கும். கால்கள் தரையில் ஊன்றாது. வண்டிக்காரர் ஆள் ஏறியதும் கடிவாளத்தைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்து, ஒருவரை முன்னால் தள்ளி உட்காரச் சொல்வதும், கனமான ஆளை நடுவில் வைப்பதும், மேடு வந்தால் தாமே ஏர்க்கால் பக்கம் நகர்ந்து முன்பாரம் கொடுப்பதும், இறக்கத்தில் கீழே குதித்துக் கூடவே நடப்பதும் இதற்காகத்தான். நான்கு பேர் அளவாக உட்கார்ந்தால் ஏர்க்கால் நீரில் மிதப்பதுபோல் நிற்கும். ஐந்தாவது ஆள் தொற்றிக்கொண்டால் அந்தச் சமநிலை போய்விடும். ஆறாவது ஆள் ஏறினால் வண்டிக்காரர் எத்தனை தேர்ந்தவராக இருந்தாலும் ஒன்றும் செய்யமுடியாது.

அந்த நான்கு என்ற எண் பிற்காலத்தில் நாடு முழுமைக்குமான விதியாகவே வந்தது. ஆனால் அதற்கு வெகுகாலம் பிடித்தது. விலங்குகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கும் முதல் அகில இந்தியச் சட்டம் 1890-ல் வந்தபோது, தெருவிலோ பொதுமக்கள் நடமாடும் இடத்திலோ நடக்கும் கொடுமைதான் அதன் பார்வையில் பட்டது. நடுவீதியில் குதிரையை அடித்தால் குற்றம். லாயத்துக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அடித்தால் சட்டத்தின் கை எட்டாது. மனிதர்களின் கண்ணுக்கு உறுத்தல் வரக்கூடாது என்ற கவலையே அதில் தூக்கலாக இருந்தது. 1899-ல் வந்த இன்னொரு சட்டம் கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோயைப் பற்றியது. குதிரையின் மூக்கிலும் நுரையீரலிலும் தோலிலும் புண் உண்டாக்கும் அந்த நோய் மனிதர்களுக்கும் தொற்றும். நோய் கண்ட குதிரையைப் பிடித்து அழிக்க அதிகாரிகளுக்கு இச்சட்டம் உரிமை தந்தது. 110 ஆண்டு கழித்து 2009-ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம்தான் அதன் இடத்தைப் பிடித்தது.

குதிரையைக் குதிரைக்காகவே கருதிய சட்டம் 1960-ல் வந்தது. விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் அது. அடிப்பதும் அளவுக்கு மீறி ஓட்டுவதும் பாரம் ஏற்றுவதும் எந்த இடத்தில் நடந்தாலும் குற்றம். வயதாலோ நோயாலோ புண்ணாலோ வேலைக்கு லாயக்கற்ற விலங்கை வேலை வாங்குவதும் குற்றம். இதன்கீழ் 1965-ல் இழுவை மற்றும் பொதி விலங்குகளுக்காக எழுதிய விதிகள்தாம் இன்றும் ஒரு குதிரை வண்டியை நேரடியாகக் கட்டுப்படுத்துகின்றன. வண்டிக்காரரைத் தவிர நான்கு பேருக்கு மேல் ஏறக்கூடாது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் அந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். காற்றடைத்த டயர் உள்ள இரட்டைச் சக்கர வண்டியில் குதிரைக்கு 750 கிலோ, மட்டக்குதிரைக்கு 600 கிலோவே பார வரம்பு. இரும்புப் பட்டா வண்டி என்றால் முறையே 500, 400 கிலோ. ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வெயில் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடத்தில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை பூட்டவே கூடாது. வேலை முடிந்ததும் அவிழ்த்துவிடவேண்டும். வேலை இல்லாதபோதும் பூட்டிய நிலையிலேயே நிறுத்தி வைப்பது தவறு. முள் வைத்த கடிவாளம், கூர்மையான தார்க்கோல் எதுவும் ஆகாது. சேணம் தோள்முகட்டில் நேராக உட்காராமல் இடைவெளி இருக்கவேண்டும். அதிகப் பாரம் என்று சந்தேகம் வந்தால் காவல் அதிகாரி வண்டியை எடைமேடைக்கு ஓட்டிப்போகச் சொல்லலாம். லாடம் அடிப்பவர்களுக்கும் அதே ஆண்டில் தனி விதிகள் வந்து, உரிமம் இல்லாமல் அந்தத் தொழிலைச் செய்யக்கூடாது என்றாயிற்று. ஓர் ஆணி தசையில் ஏறினால் குதிரை வாரக்கணக்கில் நொண்டும் என்பதை அறிந்தவர்கள் இந்த விதியின் அருமையை ஒப்புக்கொள்வார்கள்.

இவ்வளவு நுணுக்கமான விதிகளில் மலையடிவாரத்து ஊர்க்காரர்களுக்கு ஓர் ஓட்டை கண்ணில் படும். ஏற்றமான சாலையில் பாரத்தைப் பாதியாகக் குறைக்கவேண்டும் என்று 1965 விதி சொல்கிறது. ஆனால் அந்த ஏற்றம் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாமல் இருக்கவேண்டும், 30 மீட்டர் தூரத்துக்கு 3 மீட்டருக்கு மேல் உயரவும் வேண்டும். அதாவது பத்துக்கு ஒன்றைவிடச் செங்குத்து. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் பல்சக்கரத் தண்டவாளத்தைக் கவ்விப் பிடித்து ஏறும் நீலகிரி மலை ரயிலின் மிகக் கடுமையான ஏற்றமே பன்னிரண்டுக்கு ஒன்றுதான்; 30 மீட்டருக்கு இரண்டரை மீட்டர். இன்ஜினே பல்சக்கரம் இல்லாமல் ஏறமுடியாத அந்தச் சரிவில் ஒரு குதிரை முழுப்பாரம் இழுத்தாலும் இந்த விதியின் பாதிச் சலுகை அதற்குக் கிடைக்காது. கொண்டை ஊசி வளைவுகள் வைத்துச் சரிவைத் தணித்துப் போட்ட மலைச் சாலை எதுவும் பத்துக்கு ஒன்று என்ற கணக்குக்குள் சுலபமாக வராது. சமவெளியில் உட்கார்ந்து எழுதிய எண் இது என்றே நினைக்கத் தோன்றுகிறது.

வெயில் விதியும் அப்படித்தான். பங்குனி, சித்திரையில் கோயம்புத்தூர் வட்டாரத்தில் 37 டிகிரி அரிதல்ல. மூன்று மணி அடித்ததும் சூடு இறங்கிவிடுவதுமில்லை. தார்ச்சாலை மாலை ஐந்து வரை கொதிக்கும். வியன்னா நகரத்தில் வெப்பம் 35 டிகிரியை எட்டினால் குதிரை வண்டிகள் லாயத்துக்குத் திரும்பவேண்டும். நியூயார்க்கில் 90 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 32 டிகிரியிலேயே ஓட்டத்தை நிறுத்தவேண்டும். அங்கே ஒவ்வொரு குதிரைக்கும் ஆண்டுக்கு ஐந்து வாரம் விடுமுறையும் உண்டு. மிதமான தட்பவெப்பமுள்ள ஊர்கள் நம்மைவிடக் குறைந்த வரம்பு வைத்திருக்கின்றன.

தண்டனை இன்னும் மோசம். 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொடுமைக்கு முதல் தடவை அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அன்றைக்கு 50 ரூபாய் ஒரு வண்டிக்காரரின் பல நாள் சம்பாத்தியம். இன்றைக்கு ஒரு டீயும் வடையும் சாப்பிட்டால் அதில் பெரும்பகுதி போய்விடும். தொகை அப்படியே இருப்பதால், எத்தனை நல்ல விதியானாலும் அதை மீறுகிறவருக்கு இழப்பு ஒன்றுமில்லை.

குதிரை வண்டிகள் குறைந்தாலும் அவற்றுக்காக எழுதிய விதிகள் வேறு சக்கரங்களுக்கு மாறின. ஆட்டோவின் பர்மிட், ஓட்டுநரின் பேட்ஜ், குறித்த காலத்துக்கு ஒருமுறை எஃப்.சி. என்ற தகுதிச் சான்று, ஸ்டாண்டு, மூன்று பேருக்கு மேல் ஏற்றாதே என்ற கட்டுப்பாடு அனைத்தும் ஜட்கா காலத்துச் சட்டத்தின் மறுபிறப்பு. 2013-ல் சென்னைக்கு நிர்ணயித்த ஆட்டோ கட்டணத்தைப் பார்த்தால் ஒற்றுமை புரியும். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய், காத்திருக்க ஐந்து நிமிடத்துக்கு மூன்றரை ரூபாய், இரவு 11 முதல் காலை 5 வரை ஒன்றரை மடங்கு. தூரம், காத்திருப்பு, நேரம் என்ற கணக்கு முறை பழைய வண்டிக் கட்டணப் பட்டியலிலிருந்தே வந்தது. மீட்டரைப் போடாமல் பேரம் பேசுவது பற்றிய புகாரும் அன்றே இருந்ததுதான்.

குதிரை வண்டியையே நிறுத்திவிடுவது என்ற முடிவுக்கும் சில நகரங்கள் வந்துள்ளன. சிகாகோ 2021 ஜனவரி 1 முதல் தடை செய்தது. மும்பையின் விக்டோரியா வண்டிகள் ஒரு நீண்ட வழக்கின் முடிவில் நின்றன. அங்கே கடற்கரைச் சாலையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டிருந்த இவ்வண்டிகள் சட்டவிரோதம் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2015 ஜூனில் தீர்ப்பளித்தது. ஓராண்டுக்குள் நிறுத்தவேண்டும், வண்டிக்காரர்களுக்கும் குதிரைகளுக்கும் மறுவாழ்வுத் திட்டம் வகுக்கவேண்டும் என்றும் மாநில அரசுக்குச் சொன்னது. தடை உத்தரவில் மறுவாழ்வும் சேர்ந்தே வந்தது இங்கே கவனிக்கவேண்டியது. குதிரையை மட்டும் விடுவித்து ஆளைத் தெருவில் விட்டால் அந்தக் குதிரையும் சில நாளில் தெருவுக்குத்தான் வரும். தீவனம் போட ஆளில்லாத குதிரைகள் சாலை நடுவே நிற்கும் காட்சி பல ஊர்களில் உண்டு. கடைசியில் மும்பையில் 2021-ல் அதே வடிவத்தில் மின்சார வண்டிகள் ஓடத் தொடங்கின. கல்கத்தாவில் விக்டோரியா நினைவு மண்டபத்தருகே குதிரை வண்டிகள் நிற்பதும் அவை பற்றிய வழக்குகளும் தொடர்ந்து வந்தன.

கொங்கு நாட்டின் ஓரத்தில் பழனி அடிவாரத்தில் பக்தர்களை ஏற்றிச்செல்லும் குதிரை வண்டிகள் அண்மைக்காலம் வரை ஓடின. மேட்டுப்பாளையம் பக்கம் இப்போது குதிரை வண்டி என்றால் பெரும்பாலும் கல்யாண ஊர்வலத்து சாரட்டுதான். மலைமேல் ஊட்டி ஏரிக்கரையில் குதிரைச் சவாரி நடக்கிறது. சாரட்டுக்கும் 1965 விதிகள் பொருந்தும். அலங்காரம் எத்தனை இருந்தாலும் நான்கு பேர், 9 மணி நேரம், முள்ளில்லாத கடிவாளம் என்ற வரம்பு மாறாது. வேலையில்லாத நேரத்தில் அவிழ்த்துவிட மறுத்து, பட்டாசுச் சத்தத்தின் நடுவே, பேண்டு வாத்தியத்தை ஒட்டி, நள்ளிரவு வரை குதிரையைப் பூட்டி நிறுத்துவது அந்த விதிகளுக்கு எதிரானதே.

மோட்டார் வாகனச் சட்டம் குதிரை வண்டியைத் தொடாது என்பதால் ஓட்டுநர் உரிமம், கட்டாயக் காப்பீடு எதுவும் அதற்கு இல்லை. ஆனால் சாலையில் அதற்குச் சட்டமே இல்லை என்று பொருளல்ல. கவனக்குறைவாகவோ அதிவேகமாகவோ ஓட்டுவது பற்றிய குற்றப் பிரிவில் மோட்டார் என்ற சொல் இல்லை. எந்த வாகனமும் அதில் அடங்கும். இந்திய தண்டனைச் சட்டத்தின் 279-ஆவது பிரிவாக இருந்த அது, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சம்ஹிதையில் 281-ஆவது பிரிவாக இருக்கிறது. கையிலிருக்கும் விலங்கு பிறருக்கு ஆபத்து விளைவிக்காதபடி பார்த்துக்கொள்ளத் தவறினால் அதன் 291-ஆவது பிரிவு பாயும். வண்டி மோதி யாருக்காவது காயம்பட்டால் ஈடு வசூலிக்கக் காப்பீட்டு நிறுவனம் இருக்காது, வண்டிக்காரரையே பிடிக்கவேண்டும். மோட்டார் வண்டி வந்து குதிரை வண்டியை மோதினாலோ நிலைமை வேறு. ஏறியிருந்தவருக்கும் ஓட்டியவருக்கும் மட்டுமல்ல, செத்த குதிரைக்கும் உடைந்த வண்டிக்கும் சொத்து இழப்பு என்ற வகையில் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் ஈடு கேட்கலாம்.

ஊர் எல்லைக்குள் நிறுத்துமிடம், தெருவைப் பயன்படுத்துவது, லாயத்தின் சுகாதாரம் ஆகியவை இன்றும் நகராட்சியின் பொறுப்பு. 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2023 ஏப்ரல் முதல் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. குதிரை கொடுமைப்படுத்தப்படுவதைக் கண்டவர் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். ஊருக்குள் இருக்கும் கால்நடை மருந்தகத்தின் மருத்துவர் குதிரையைப் பார்த்து, அது பாரம் இழுக்க லாயக்கா இல்லையா என்று எழுதிக் கொடுத்தால், அந்தச் சான்றுதான் வழக்குக்கு அடிப்படை. வண்டிக்காரர் தரப்பிலும் அதே மருத்துவரிடம் குதிரையை அவ்வப்போது காட்டி, லாடம், பல், முதுகுப்புண் எல்லாம் சரியாக இருப்பதை எழுதி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது; வீண் புகார் வந்தால் அந்தக் காகிதம் கைகொடுக்கும்.